வாசலை அடைத்த பனி வரப்பு

மார்கழி விடியலில் வேலூரிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்து கணியம்பாடியைத் தாண்டும்போது ஜவ்வாது மலை இருக்கும் திசையே தெரியாது. ஓட்டுநர் முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி ஊர்ந்து போவார். எட்டு மணி வெயிலுக்குப் பனி இருந்த இடம் தெரியாமல் போய்விடும். அதை யாரும் அள்ள வேண்டியதில்லை. யார் அள்ளுவது என்று பஞ்சாயத்தும் நடப்பதில்லை.

புல் நுனியில் நிற்பதும் பனி, சாலையை மறைப்பதும் பனி, இமயத்தில் ஆள் உயரம் விழுந்து கிடப்பதும் பனி. முன்னாலோ பின்னாலோ ஒரு சொல்லை ஒட்டி மூடுபனி, உறைபனி, பனிப்பொழிவு என்று பிரித்துக்கொள்கிறோம். ஆனால் கணியம்பாடி ஒன்றியத்திலேயே மூன்றாவது பனியை நன்றாக அறிந்தவர்கள் இருக்கிறார்கள். இங்குள்ள கம்மவான்பேட்டை, தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் ஊர். வட்டாரத்தில் அதற்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பெயர் உண்டு. வடக்கு எல்லையில் குளிர்காலம் கழித்தவர்களுக்குப் பனி என்றால் முதலில் நினைவுக்கு வருவது அதன் எடை. புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி; ஒரு கன மீட்டர் 100 கிலோகூடத் தேறாது. அதுவே மிதிபட்டு, உருகி, மறுபடி இறுகினால் நான்கைந்து மடங்கு கனக்கும். காலையில் மண்வெட்டியால் தள்ளிவிடக்கூடியது, மாலையில் கடப்பாரை கேட்கும்.

அதனால்தான் பனி விழும் ஊர்களில் எல்லாம் ஒரு கேள்வி சூடாகவே இருக்கிறது. பொதுச் சாலையில் விழுந்த பனியை அள்ள வேண்டியது யார்? அரசா, நகராட்சியா, வீட்டுக்காரரா? நாட்டுக்கு நாடு பதில் மாறுகிறது. தகராறு மட்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மூள்கிறது.

ஆளில்லாக் கணவாயில்

வீடே இல்லாத இடத்தில் இந்தக் கேள்விக்கு இடமில்லை. ஸ்ரீநகரிலிருந்து லே செல்லும் நெடுஞ்சாலையில், சோன்மார்க்குக்கும் திராஸுக்கும் நடுவே 11,500 அடிக்கு மேல் இருக்கிறது சோஜிலா கணவாய். ஒரு காலத்தில் குளிர்காலம் வந்தால் ஐந்தாறு மாதம் அது மூடிக் கிடக்கும். லடாக் மக்கள் அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்துவைத்துக்கொள்ள வேண்டும். இங்கே பனி அகற்றும் பொறுப்பு 1960இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பினுடையது. சோன்மார்க் பக்கமிருந்து அதன் ‘பீக்கன்’ பிரிவும், திராஸ் பக்கமிருந்து ‘விஜயக்’ பிரிவும் பனியை வெட்டிக்கொண்டே மேலேறி நடுவில் சந்திக்கும். முதல் சவால், சாலை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. வெள்ளைச் சரிவுக்கு அடியில் தார்ச்சாலை எது, பள்ளத்தாக்கின் விளிம்பு எது என்று பார்த்தால் தெரியாது. புல்டோசர் வழி திறக்க, பின்னால் வரும் பனிவெட்டி இயந்திரம் சுழலும் பற்களால் பனியை உறிஞ்சி, நீரூற்று போலப் பள்ளத்தாக்குக்குள் பீய்ச்சி அடிக்கும். மாலையில் ஒரு பனிச்சரிவு வந்து விழுந்தால் அன்றைய வேலை வீண்.

இப்படி முட்டி மோதியே மூடிக் கிடக்கும் நாட்களைக் குறைத்திருக்கிறார்கள். 2023இல் 68 நாள் மூடலுக்குப் பிறகு மார்ச் மாதம் பாதை திறந்தது. 2025இல் அது 32 நாளாகச் சுருங்கி, ஏப்ரல் 1ஆம் தேதி வண்டிகள் ஓடின. பனியோடு மல்லுக்கட்டாமல் அதற்கு அடியில் புகுந்து போவது இன்னொரு வழி. ரோதாங் கணவாய்க்குக் கீழே 9 கி.மீ. நீள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபரிலும், சோன்மார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரியிலும் திறக்கப்பட்டன. சோஜிலாவுக்கு அடியிலும் குடைந்துகொண்டிருக்கிறார்கள்.

இயந்திரங்களை ஓட்டுபவர்கள் படைப்பிரிவினர். அவர்களுக்குப் பின்னால் மண்வெட்டியோடு நிற்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் தும்கா பகுதியிலிருந்து கூலிக்கு வரும் சந்தால் பழங்குடியினர், பனியே விழாத ஊர்க்காரர்கள். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே எல்லைச் சாலைத் தொழிலாளர் முகாம் மீது பனிச்சரிவு விழுந்தது. 46 பேர் மீட்கப்பட்டனர். எட்டுப் பேர் இறந்தனர். பாதை திறந்த செய்தியில் நாட்களின் எண்ணிக்கை தலைப்பாக வருகிறது. அதைத் திறந்த கைகள் எந்த ஊரிலிருந்து வந்தவை என்பது செய்தியில் அரிதாகவே இடம்பெறுகிறது.

கணவாயிலிருந்து இறங்கி ஸ்ரீநகருக்குள் வந்தால் காட்சி மாறுகிறது. டிசம்பர் 21இல் தொடங்கும் 40 நாள் கடுங்குளிருக்கு அங்கே ‘சில்லை கலான்’ என்று பெயர். பனி கொட்டிய காலையில் இயந்திரப் பொறியியல் துறையின் வண்டிகள் முக்கியச் சாலைகளையும் மருத்துவமனைப் பாதைகளையும் முதலில் திறக்கின்றன. பழைய நகரத்தின் சந்துகளுக்குள் அந்த வண்டிகள் நுழைய முடியாது. அங்கே மரத்தட்டு மண்வெட்டிதான். போதாததற்குச் சரிந்த தகரக் கூரைகளிலிருந்து பனி மொத்தமாக வழுக்கிச் சந்தில் விழும். விழுந்தது இந்த வீட்டுக் கூரையிலிருந்தா, அந்த வீட்டுக் கூரையிலிருந்தா என்று பனி சொல்லாது.

ஸ்கார்பரோ வரப்பு

கூரைப் பனிக்காவது இரண்டு வீட்டார் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். டொரன்டோவின் ஸ்கார்பரோவில் எதிர்த்தரப்பு நகராட்சி. ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பெருந்தொகையாய் வாழும் பகுதி அது. இரவெல்லாம் ‘ஸ்னோ’ கொட்டியிருக்கும். வீட்டுக்காரர் ஐந்து மணிக்கே எழுந்து, கம்பளித் தொப்பி, கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் எல்லாம் மாட்டிக்கொண்டு, வண்டி நிற்கும் முற்றத்தைச் சுத்தமாகத் தள்ளி முடிப்பார். ஆறு மணிக்கு மஞ்சள் விளக்குச் சுழல நகராட்சியின் கலப்பை வண்டி வரும். சாலைப் பனியை உழுதுகொண்டே போகும்போது அது ஓரமாக ஒரு வரப்பை விட்டுச் செல்லும். அந்த வரப்பு விழுவது, வீட்டுக்காரர் இப்போதுதான் தள்ளி முடித்த முற்றத்தின் வாயில். சாலை உப்பும் கரியும் கலந்த, பாதி உருகிய, கல்லாய்க் கனக்கும் பனி. சாலை திறந்துவிட்டது, வீடு அடைபட்டுவிட்டது.

உழவு நிலத்து வரப்பு எத்தனை பங்காளிச் சண்டைகளைக் கண்டிருக்கிறதோ, அதற்குக் குறையாமல் இந்தப் பனி வரப்பும் கண்டிருக்கிறது. நகராட்சியின் கணக்கில் அது சாலை வேலையின் மிச்சம். வீட்டுக்காரர் கணக்கில் நகராட்சி கொண்டுவந்து கொட்டிய குப்பை. ஸ்கார்பரோ போன்ற புறநகர்ப் பகுதிகளில் டொரன்டோ நகராட்சி இந்த வரப்பை வழித்துவிட இன்னொரு வண்டியைப் பின்னாலேயே அனுப்புகிறது. எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. பல கனடிய நகரங்களில் வரப்பு வீட்டுக்காரர் தலையில்தான் விடிகிறது. மாரடைப்பு வந்தவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் முதலில் கேட்பது அந்த வரப்பை அள்ள ஆள் கிடைக்குமா என்றுதான். பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அது கைச்செலவுக் காசு.

ஒன்டாரியோ மாகாணம் இந்தப் பொறுப்பைச் சென்டிமீட்டரிலும் மணியிலும் எழுதி வைத்திருக்கிறது. போக்குவரத்தையும் வேகத்தையும் வைத்துச் சாலைகளுக்கு வகுப்புகள் உண்டு. முதல் வகுப்புச் சாலையில் 2.5 செ.மீ. பனி சேர்ந்துவிட்டால் 4 மணி நேரத்துக்குள் குறைக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு 8 செ.மீ., 12 மணி நேரம். ஐந்தாம் வகுப்புக்கு 10 செ.மீ., 24 மணி நேரம். நடைபாதைக்கு 8 செ.மீ.; அவகாசம் 48 மணி நேரம். காரில் போகிறவருக்கு அரை நாளில் கிடைக்கும் வழி, நடந்து போகிறவருக்கு இரண்டு நாள் கழித்துக் கிடைத்தாலும் சட்டம் குறை சொல்லாது.

டொரன்டோவின் சில பகுதிகளில் வீட்டெதிர் நடைபாதையை 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. நகரின் நடுப்பகுதியில் அந்தப் பாதைகள் குறுகல்; பெரிய இயந்திரம் போகாது. பின்னர் சிறு இயந்திரங்களைக் கொண்டு நடைபாதைகளையும் நகராட்சியே ஏற்றுக்கொண்டது. 2025 பிப்ரவரியில் ஒரு வாரத்துக்குள் 50 செ.மீ.க்கு மேல் பனி கொட்டியபோது ஏற்பாடு திணறியது. சக்கர நாற்காலியில் போகிறவர்களும் குழந்தை வண்டி தள்ளுகிறவர்களும் பல நாட்களுக்குக் கார் போகும் சாலையில் இறங்கித்தான் போக வேண்டியிருந்தது. முன்பென்றால் அந்தந்த வீட்டுக்காரரைக் கேட்கலாம். இப்போது தொலைபேசியில் புகார் எண் வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

நீதிமன்றம் ஏறிய வரப்பு

இந்த வரப்பு கனடாவின் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் நெல்சன், மலைச்சரிவில் உள்ள சிற்றூர். 2015 ஜனவரியில் பெரும் பனி பெய்தபின் நகராட்சி கடைவீதியைச் சுத்தம் செய்தது. உழுத பனி, கார் நிறுத்தும் இடங்களுக்கும் நடைபாதைக்கும் நடுவே நீளமாக வரப்புக் கட்டி நின்றது. கடந்து செல்ல இடைவெளி எங்கும் விடவில்லை. காரை நிறுத்திய ஒரு பெண் வரப்பின் மேல் ஏறிக் கடக்கப் பார்த்தார். கால் உள்ளே புதைந்து பலத்த காயம்.

எந்தத் தெருவை எப்போது சுத்தம் செய்வது என்பது பணத்தைப் பொறுத்த கொள்கை முடிவு, அதை நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்று வாதிட்டது நகராட்சி. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பட்ஜெட் ஒதுக்குவது வேறு, வரப்பில் வழி விடாமல் போனது வேறு என்று பிரித்துப் பார்த்தது. நகராட்சிக்குக் கவனக் கடமை உண்டு என்று சொல்லி, அது மீறப்பட்டதா என்று மறுபடி விசாரிக்க வழக்கைத் திருப்பி அனுப்பியது. பனி அகற்றுவதில் உள்ள குறை முழுவதையும் ‘நிர்வாக முடிவு’ என்ற போர்வைக்குள் ஒளித்துவிட முடியாது என்று ஆனது.

நீதிமன்றத்தைவிடச் சீக்கிரம் தீர்ப்பு சொல்வது வாக்குப்பெட்டி. 1969 பிப்ரவரியில் நியூயார்க்கில் 15 அங்குலப் பனி விழுந்தபோது மன்ஹாட்டன் திறந்தது. குயின்ஸ் பகுதியின் பல தெருக்கள் நாள் கணக்கில் மூடிக் கிடந்தன. பார்க்கப் போன மேயர் ஜான் லிண்ட்சேயை மக்கள் வசைபாடி விரட்டினார்கள். சிகாகோவில் 1979 ஜனவரிப் பனிப்புயலைச் சமாளிக்க முடியாத மேயர் மைக்கேல் பிலாண்டிக், அடுத்த மாதமே கட்சியின் உள்தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றார். 1999 ஜனவரியில் டொரன்டோ மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தையே கூப்பிட்டார். பனியை அள்ள பீரங்கிப்படையா என்று மற்ற கனடியர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள்.

அதே சிகாகோவில் எந்தச் சட்டமும் எழுதாத ஒரு வழக்கம் உண்டு. தெருவோரம் தன் காரைச் சுற்றியிருந்த பனியை ஒருவர் அள்ளித் தீர்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது, அந்த இடத்தில் ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டுப் போவார். மாலை வரை அந்த இடம் அவருடையது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுப் பேருந்தில் சீட்டுப் பிடிக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வித்தியாசம் ஒன்று உண்டு: அங்கே துண்டு போட உரிமை தருவது இடுப்பொடிய அள்ளிய உழைப்பு.

யாருக்கு முதலில்?

ஒன்டாரியோவின் 12 மணி, 48 மணி ஏற்றத்தாழ்வை ஸ்வீடனில் ஒரு சிறு நகரம் திருப்பிப் போட்டுப் பார்த்தது. கார்ல்ஸ்கோகா நகராட்சி தன் எல்லா வேலைகளையும் ஆண்–பெண் சமத்துவக் கண்ணோடு ஆராய்ந்தபோது, பனி அகற்றும் வரிசையும் மாட்டிக்கொண்டது. முதலில் பெரிய சாலைகள், கடைசியில் நடைபாதை என்ற வரிசை, காரில் அலுவலகம் போகும் ஆண்களுக்குத் தோதானது. குழந்தையைப் பள்ளியில் விட்டு, பேருந்து பிடித்து, நடந்து போகும் பெண்களுக்கு அல்ல. நகராட்சி வரிசையை மாற்றி, நடைபாதைக்கும் பள்ளிப் பாதைக்கும் முதலிடம் தந்தது. வழுக்கி விழுந்து எலும்பு முறிந்து வருகிறவர்களில் நடந்து போகிறவர்களே அதிகம் என்பதும் அந்தப் பக்கம் வலுச் சேர்த்தது. ஸ்டாக்ஹோம் அதைப் பின்பற்றியது. ஆனால் 2016 நவம்பரில் அங்கே 39 செ.மீ. பனி ஒரேயடியாகக் கொட்டி நகரம் ஸ்தம்பித்தபோது, பழி முழுவதையும் இந்தப் புது வரிசையின் மீது போட்டார்கள். அவ்வளவு பனிக்கு எந்த வரிசையும் தாங்கியிருக்காது என்ற பேச்சு எடுபடவில்லை.

ஜப்பானின் சப்போரோ நகரத்தில் ஆண்டுக்குச் சுமார் 5 மீட்டர் பனி விழுகிறது. வசிப்பவர்கள் 19 லட்சத்துக்கு மேல். அங்கே வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இரவோடிரவாகப் பனியை ஓரம் ஒதுக்குவது மாநகராட்சி. வாசலில் விழும் மிச்சத்தைத் தள்ளுவது வீட்டார். ஓரத்தில் மலையாகச் சேர்ந்ததை லாரியில் ஏற்றிக்கொண்டு போவதற்கு, தெருச் சங்கமும் மாநகராட்சியும் செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. எந்தத் தெருவில் எந்த வாரம் என்று முன்பே பேசி முடிவு செய்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. இளையவர்கள் குறைந்து முதியவர்கள் மட்டும் மிஞ்சிய தெருக்களில் சங்கத்துக்குப் பணம் பிரிப்பதும் சிரமம், வாசலைத் தள்ளுவதும் சிரமம். கூரைப் பனியை இறக்கப் போய் விழுந்து இறக்கும் முதியவர்கள் அங்கே ஒவ்வொரு குளிர்காலத்திலும் செய்தியாகிறார்கள்.

அதே ஜப்பானின் நாகோகா நகரம் கண்டுபிடித்த வழி வேலூர்க்காரர்களுக்கு நன்றாகப் புரியும். நிலத்தடி நீர் கசிந்த இடத்தில் மட்டும் பனி தங்காததை ஒருவர் கவனித்தார். 1960களின் தொடக்கத்தில் சாலை நடுவே குழாய் பதித்து, நிலத்தடி நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைக்கத் தொடங்கினார்கள். பூமிக்கு அடியிலிருந்து வரும் நீர் குளிர்காலத்திலும் 13, 14 டிகிரி இருக்கும். அது போதும். ஆள் வேண்டாம், வரப்பும் விழாது. தண்ணீரில் இருந்த இரும்பு, சாலைகளைத் துருப்பிடித்த சிவப்பாக்கியது பெரிய நஷ்டமில்லை. அளவுக்கு மீறி உறிஞ்சியதில் நீகாட்டா மாகாணத்தின் சில இடங்களில் தரையே தாழ்ந்தது. கணியம்பாடி வழியே ஓடும் நாகநதியில் நூறு நாள் வேலைப் பெண்கள் மழைநீரைப் பூமிக்குள் இறக்கக் கிணறு வெட்டினார்கள். பூமிக்குள்ளிருந்து எடுத்துப் பனியைக் கரைத்தவர்களுக்கு வந்த விலையும், இங்கே திரும்ப உள்ளே அனுப்ப வேண்டி வந்த கட்டாயமும் ஒரே கணக்கின் இரு பக்கங்கள்.

உப்பின் கணக்கும் அப்படித்தான். 1938இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் சோதனையாகத் தொடங்கிய சாலை உப்பு, இன்று குளிர்நாடுகளின் வழக்கமாகிவிட்டது. கார் தகரத்தைத் தின்று, பாலத்துக் கம்பியைத் தின்று, கடைசியில் ஏரிக்குப் போகிறது. சாலை உப்பு சுற்றுச்சூழலுக்கு நஞ்சு என்று கனடா அரசு 2001லேயே மதிப்பிட்டது. தூவுவது நிற்கவில்லை. கடுங்குளிரில் உப்பு வேலை செய்யாதபோது டொரன்டோவில் பீட்ரூட் சாற்றைக் கலந்து தெளிக்கிறார்கள்.

இந்தப் பக்கத்து வரப்பு

பனி இல்லாவிட்டாலும் சாலையை மூட இங்கே வேறு பொருட்கள் உண்டு: மரம், மண், சேறு. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப் போட்டபோது, அரசு இயந்திரம் வரும் வரை காத்திராமல் ஊர்ச்சாலைகளில் விழுந்த தென்னையை ஊர்க்காரர்களே அறுத்து ஒதுக்கினார்கள். 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலைச்சரிவு வீடுகள் மீது மண்ணும் பாறையும் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். அமிர்தி வழியாக ஜமுனாமரத்தூர் ஏறும் பாதை போன்ற மலைச்சாலைகளில், அடைமழைக் காலத்தில் கிளை ஒடிந்து விழுந்தால் பேருந்தில் வருகிறவர்களே இறங்கி இழுத்துப் போடுவதுதான் வழக்கம். அகற்றுவதற்குச் சாலையே இல்லாத ஊர்களும் இதே மலையில் இருந்திருக்கின்றன. 2023 மே மாதம் அணைக்கட்டு பகுதியின் அல்லேரி மலையில் பாம்பு கடித்து இறந்த குழந்தையின் உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்தபோதுதான் அது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது.

வேலைக்கு மக்களை இழுப்பதற்கும் இங்கே பழைய சட்டம் உண்டு. 1858ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டப்படி, ஏரி, ஆற்றுக் கரை உடையும் ஆபத்து வந்தால் அதிகாரி அக்கம்பக்கத்து ஆட்களை வேலைக்கு அழைக்கலாம். நீர்நிலைகளை ஊர் கூடிச் செப்பனிடும் குடிமராமத்துக்கு வராதவர் தன் பங்கு உழைப்பின் மதிப்பைப் போல் இரு மடங்கு கட்ட வேண்டும். ஆனால் கரைக்கு அழைக்கப்பட வேண்டியவர்கள் ‘உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த’ திடகாத்திர ஆண்கள் என்று சட்டமே சொன்னது. வெள்ளம் எல்லோர் நிலத்துக்கும் வரும். மண்வெட்டி சிலர் கைக்குத்தான் போகும்.

இன்றைய சட்டம் பொறுப்பை ஊராட்சியிடம் வைக்கிறது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, அதன் 110ஆம் பிரிவில் ஊராட்சியின் கட்டாயக் கடமைகளைப் பட்டியலிடுகிறது: ஊர்ச்சாலைகள், பாலங்கள், தெருவிளக்கு, வடிகால், தெருக்களைச் சுத்தம் செய்வது, குப்பைமேடு அகற்றுவது. புதரையும் சப்பாத்திக் கள்ளியையும் அகற்றுவதுகூட அதில் இருக்கிறது. டொரன்டோவுக்குப் பனி எப்படியோ அப்படி ஒரு காலத்தில் இங்கே கள்ளி. ஒன்டாரியோவின் ஏட்டில் இருப்பதும் இங்கே இல்லாததும் ஒன்றுதான்: எத்தனை சென்டிமீட்டர், எத்தனை மணி நேரம்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஊர்த்தெருக்களில் வடிகால் தூர்வாரும் காட்சியைப் பார்த்தால் ஸ்கார்பரோவை உடனே அடையாளம் தெரியும். ஆட்கள் வந்து கால்வாயிலிருந்து கருஞ்சேற்றை அள்ளி, கால்வாய் ஓரமாகவே வரிசையாகக் குவித்துவிட்டுப் போவார்கள். காய்ந்தபின் வண்டி வந்து எடுக்கும் என்பது ஏற்பாடு. கால்வாய் சுத்தம், வாசலில் வரப்பு. மறுநாள் காலையில் வீட்டுக்காரம்மா வாசல் தெளித்துப் பெருக்கிக்கொண்டே வந்து, சேற்று வரப்பின் அடி வரைக்கும் கொண்டுபோய் விளக்குமாற்றை நிறுத்துகிறார். கோலம் அன்றைக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி விழுகிறது. இரண்டாம் நாள் ஒரு பலகையை வரப்பின் மேல் போட்டு, பிள்ளை சைக்கிளை அதன் வழியாக இறக்குகிறான். மூன்றாம் நாள் இரவு மழை. வண்டி வருவதற்கு முன் சேறு பாதி கரைந்து மறுபடியும் கால்வாய்க்குள் இறங்குகிறது. பலகை மட்டும் அங்கேயே கிடக்கிறது.